உணர்கருவி மௌனமானால் ‘எல்லாம் நலம்’ என்று பொருளா?

‘புளூடூத் சமிக்ஞை’ என்று தலைப்பைக் கேட்டதும் சிலர் தேநீர் கலக்க எழுந்திருப்பீர்கள். இது இளைஞர்களின் விளையாட்டுப் பொருளைப் பற்றிய பேச்சு, நமக்கு எதற்கு என்று தோன்றுவது இயல்பே. தயவுசெய்து உட்காருங்கள். வயதான தாயோ தந்தையோ தனியாக வசிக்கும் வீடு உங்கள் குடும்பத்தில் இருக்குமானால், இது உங்களுக்கான பேச்சுதான்.

நம் ஊர் வீடுகளில் இப்போது கதவில் ஒன்று, கழிவறைச் சுவரில் ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒன்று என்று சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகள் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பேச்சு வழக்கில் சென்சார் என்கிறோம். தமிழில் உணர்கருவி. கதவு திறந்ததா, வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா, தரையில் தண்ணீர் கசிந்ததா என்பதை அது உணர்ந்து சொல்லும். 2010களின் நடுப்பகுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள யூஹுவா வட்டாரத்து வீடுகளில் இத்தகைய கருவிகளைச் சோதித்தபோது, முதியோரின் நடமாட்டத்தைக் கவனிக்கும் முறையும் அதில் இருந்தது. அப்போது அது ஒரு செய்தி. இப்போது நாமே இணையத்தில் வாங்கி நாமே ஒட்டிக்கொள்கிறோம். ஒட்டுவது சுலபம். ஒட்டிய பிறகு அந்தப் பெட்டி சொல்வது யார் காதிலாவது விழுகிறதா என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவர் காலமான பிறகு அம்மா சிங்காங்கில் நாலறை வீட்டில் தனியாக இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. மகன் மெல்பர்னில் வேலை பார்க்கிறார். மகள் உட்லண்ட்சில் இருக்கிறார். விடுமுறைக்கு வந்த மகன் வாசல் கேட்டில் ஓர் உணர்கருவி, கழிவறைக்கு வெளியே ஒன்று, கட்டிலருகே ஓர் அவசரப் பொத்தான் என்று பொருத்திவிட்டு, எல்லாவற்றையும் தன் கைத்தொலைபேசியில் தெரியும்படி செய்துவிட்டுப் போனார். அதன்பின் தினமும் செயலியைத் திறந்து பார்ப்பார். ‘வாசல்: மூடியுள்ளது.’ பச்சை நிறத்தில் ஒரு குறி. மனத்துக்கு நிம்மதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் பேசும்போது, அம்மா வாரம் முழுவதும் காலையில் சந்தைக்குப் போய்வந்ததாக அக்கா சொல்லியிருக்கிறார். தம்பி செயலியைப் பார்க்கிறார். வாசல் நான்கு நாளாகத் திறக்கவே இல்லை என்கிறது அது! அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. கருவியும் கெட்டுப்போகவில்லை. அதன் குரல் மையக் கருவியின் காதில் விழவில்லை, அவ்வளவுதான். செயலியோ, கடைசியாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பச்சைக் குறி நான்கு நாள் பொய் சொல்லியிருக்கிறது. அந்த நான்கு நாளில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து அவசரப் பொத்தானை அழுத்தியிருந்தால்? இந்தக் கேள்விதான் என்னை இந்தத் தலைப்பை எடுக்க வைத்தது.

சத்தம் போட்டுப் பேசாத கருவி

புளூடூத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998ல் கூடி அமைத்த தொழில்நுட்பம் இது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்டின் பட்டப்பெயர்தான் புளூடூத். 2010ல் அதன் நான்காவது பதிப்பு வந்தபோது, மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஒரு வகை சேர்க்கப்பட்டது. ஒரு காசு அளவு பேட்டரியை வைத்துக்கொண்டு ஓர் உணர்கருவி ஓராண்டு, ஈராண்டு ஓடுவது இதனால்தான்.

ஓராண்டு ஓட வேண்டுமானால் சிக்கனமாகப் பேச வேண்டும் அல்லவா? இந்தச் சின்னப் பெட்டி பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். விழித்து, ஒரு நொடியில் மிகச் சிறிய பகுதிக்குப் பேசிவிட்டு, மறுபடி தூங்கிவிடும். பேசும் குரலும் மெல்லிய குரல். இத்தகைய கருவிகள் பல ஏறத்தாழ 1 மில்லிவாட் ஆற்றலில்தான் ஒலிபரப்புகின்றன. உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டர் அதைப்போல் நூறு மடங்கு வரை உரக்கப் பேசும். ஆகவே ‘என் வீட்டில் வைஃபை மூலை முடுக்கெல்லாம் வருகிறது, இது ஏன் வரவில்லை?’ என்று கேட்பது, கோயில் ஒலிபெருக்கி கேட்கிறது, பாட்டி முணுமுணுப்பது ஏன் கேட்கவில்லை என்று கேட்பதைப் போன்றது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. வெப்பநிலையைச் சொல்லும் உணர்கருவி சில நொடிகளுக்கு ஒருமுறை அதே செய்தியைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பத்தில் ஐந்து தவறினாலும் பாதகமில்லை, அடுத்தது வந்துவிடும். கதவு உணர்கருவியும் அவசரப் பொத்தானும் அப்படியல்ல. கதவு திறந்த அந்த நேரத்தில் சில முறை சொல்லும். பொத்தானை அழுத்தியபோது சில முறை சொல்லும். அந்தச் சில முறையும் தவறினால், அந்தச் செய்தி போயே போய்விட்டது. எனவே வீட்டில் எல்லாக் கருவிக்கும் ஒரே அளவு சமிக்ஞை போதும் என்று நினைக்கக்கூடாது. வெப்பமானி சுமாராகக் கேட்டால் போதும். அவசரப் பொத்தான் தெளிவாகக் கேட்க வேண்டும். வீட்டில் நல்ல இடம் யாருக்கு என்று பங்கு போடும்போது பொத்தானுக்குத்தான் முதலிடம்.

சுவர், இரும்பு, தண்ணீர்

பெட்டியின் மேல் ‘30 மீட்டர்’ என்றோ ‘50 மீட்டர்’ என்றோ அச்சிட்டிருப்பார்கள். அது திறந்தவெளிக் கணக்கு. நாம் திறந்தவெளியிலா குடியிருக்கிறோம்?

தொலைக்காட்சி நிலையத்தில் சட்டையில் கம்பியில்லா ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு இது அனுபவப் பாடம். வெளிப்புறப் படப்பிடிப்பில் அதன் ஒலிபரப்பும் கருவியை இடுப்பில் செருகியிருப்போம். ‘அந்தப் பக்கம் திரும்பாதீர்கள், குரல் விட்டு விட்டு வருகிறது’ என்று ஒலிப்பதிவாளர் கத்துவார். கருவிக்கும் அவருக்கும் நடுவே என் உடம்பு வந்துவிடுகிறது. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். நாங்கள் பயன்படுத்தும் ஒலிவாங்கிகள் பலவும், புளூடூத்தும், வைஃபையின் ஒரு பகுதியும் இந்த ஒரே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. தீபாவளி நேரத்தில் சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் நின்று பேசிப் பார்த்தால் தெரியும். சாதாரணமாக நன்றாக வேலை செய்யும் ஒலிவாங்கி, சுற்றிலும் உடம்புகளும் கைத்தொலைபேசிகளும் நெருக்கும்போது திக்கும்.

வீட்டுக்குள் வருவோம். தடுப்புப் பலகைச் சுவர் சமிக்ஞையைக் கொஞ்சம்தான் குறைக்கும். கான்கிரீட் சுவர் நிறையக் குறைக்கும். நம் ஊருக்கே உரிய பெரிய வில்லன் ஒருவர் இருக்கிறார். பேச்சில் ‘பாம் ஷெல்டர்’ என்கிறோமே, அந்தக் காப்பறை. 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கட்டப்பட்ட வீவக வீடுகளில் பொதுவாக இது இருக்கும். குண்டு வெடிப்பைத் தாங்குவதற்கென்றே இரும்புக் கம்பி நெருக்கிப் போட்டுக் கட்டிய சுவர், கனத்த எஃகுக் கதவு. குண்டுச் சிதறலையே தடுக்கும் சுவர், 1 மில்லிவாட் முணுமுணுப்பையா விட்டுவிடும்? சிலர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று ரவுட்டரையும் மையக் கருவியையும் அந்த அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அதைவிடக் கருவியின் காதில் பஞ்சு அடைத்துவிடலாம். உள்ளே வைக்காவிட்டாலும், உணர்கருவிக்கும் மையக் கருவிக்கும் நடுவே அந்த அறை நேர்க்கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். மையக் கருவியை இரண்டு மீட்டர் நகர்த்தி, அந்த அறையின் ஓரம் தாண்டி ‘பார்க்கும்படி’ வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அந்தச் சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்கலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். அதற்குக் கட்டுப்பாடு உண்டு.

அடுத்தது வாசல் கேட். நம் வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே இரும்பு கேட் இருக்கிறது. உணர்கருவியை அந்த இரும்பிலேயே ஒட்டிவிடுகிறோம். இரும்பு அலையைத் தடுப்பது ஒருபுறம் இருக்க, ஆன்டெனா இரும்போடு ஒட்டி நின்றால் அதன் இசைவே மாறிவிடும். வீணையின் குடத்தில் ஈரத்துணியைப் போர்த்தி வாசிப்பதுபோல. கூடுமானால் உள்ளே இருக்கும் மரக்கதவில் ஒட்டுங்கள். கேட்டில்தான் ஒட்டவேண்டும் என்றால், கருவிக்கும் இரும்புக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் அல்லது மரத்துண்டை வையுங்கள். அப்படி உயர்த்தும்போது எதிரே இருக்கும் காந்தத்தையும் அதே அளவு உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கதவு மூடியிருப்பதே அதற்குத் தெரியாது.

மற்ற எதிரிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், எவர்சில்வர் தொட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி (அதன் பின்பூச்சு உலோகம்), மீன்தொட்டி, தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம். கடைசியாகச் சொன்னது எங்கள் தொழிலுக்கு எதிரான பேச்சு. ஆனாலும் உண்மை. மையக் கருவியைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் மறைத்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் பத்தில் எட்டுப் பேருக்கு இருக்கும் போலிருக்கிறது. உலோகத் தகடும் மின்கம்பிகளும் நிறைந்த இடம் அது. அலமாரியின் மேல்தட்டில், திறந்த இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். ஆள் குறுக்கே நடந்தாலும் மறைக்காது.

ஒரே சந்தையில் எல்லாரும் கூவினால்

சில வீடுகளில் தூரமும் சுவரும் காரணமாக இருக்காது. இரைச்சல் காரணமாக இருக்கும். காலையில் நன்றாக இருக்கும், இரவு எட்டு மணிக்கு மேல் தடுமாறும் என்றால் இரைச்சலைச் சந்தேகிக்கலாம். அந்த நேரத்தில்தான் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாம் இணையத்தில் படம் பார்க்கின்றன.

உணர்கருவி தன் செய்தியை அறிவிக்க வழக்கமாக மூன்று தடங்களைப் பயன்படுத்துகிறது. 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ். இவற்றை யாரும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. வைஃபையின் 1, 6, 11 ஆகிய தடங்களுக்கு இடையிலும் ஓரத்திலும் இவை ஒதுங்கி நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பிரிவை 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடவிட்டால், அந்த இடைவெளியும் அடைபடும். ரவுட்டர் அமைப்பில் அதை 20 ஆக மாற்றி, 1, 6, 11 இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கணினியையும் தொலைக்காட்சியையும் 5 கிகாஹெர்ட்ஸ் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் உள்ள கல்லூரிப் பிள்ளையிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். ரவுட்டருக்கும் மையக் கருவிக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விடுவதும் நல்லது. கத்திக்கொண்டிருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கிசுகிசுப்பு எப்படிக் கேட்கும்?

நுண்ணலை அடுப்பும் இதே 2.4 அலைவரிசைதான். ஆனால் சோறு சுடவைக்கும் இரண்டு நிமிடத்துக்குத்தான் அதன் தொல்லை. பலரும் அதையே முதலில் குற்றம் சொல்கிறார்கள், எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. அதைவிடப் பெரிய திருடன் மேசைமேலேயே இருப்பான். சிறு கணினியை மையக் கருவியாக வைத்திருப்பவர்கள் அதன் பக்கத்திலேயே யுஎஸ்பி 3 வகை வன்தட்டைச் செருகியிருப்பார்கள். அந்த இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை எழுப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012ல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியது. மருந்து மிக மலிவு. புளூடூத் செருகியை நேராகக் கணினியில் செருகாமல், ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பி வாங்கி அதன் முனையில் செருகித் தள்ளி வையுங்கள். சில வெள்ளி செலவில் பல வீடுகளில் பிரச்சினை முடிந்திருக்கிறது.

கேட்பவர் வீட்டில் இருக்கிறாரா?

இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். மலிவான புளூடூத் உணர்கருவிகள் சில, நேராகக் கைத்தொலைபேசியோடு மட்டும் பேசும். மையக் கருவியே கிடையாது. கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு நீங்கள் வேலைக்குப் போய்விட்டால், வீட்டில் கேட்பதற்கு ஆளே இல்லை. அதைச் சமிக்ஞை பலவீனம் என்று நினைத்துப் புதுக் கருவி வாங்கினாலும் அதே கதைதான். முதலில் உங்கள் கருவி யாரோடு பேசுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சில கருவிகள் முதன்முறை சேர்க்கும்போது மட்டும் புளூடூத்தைப் பயன்படுத்திவிட்டு, பிறகு வைஃபைக்கோ திரெட் எனப்படும் வேறு முறைக்கோ மாறிவிடும். 2022ல் வெளிவந்த மேட்டர் தரத்தில் உள்ள கருவிகள் இப்படித்தான். சிக்பி என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது புளூடூத்தே அல்ல. சுவர், இரும்பு, தண்ணீர் பற்றிச் சொன்னதெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும். மற்றவை பொருந்தாமல் போகலாம்.

இன்னொன்று. குடும்பத்தில் யாராவது தன் கைத்தொலைபேசியில் அந்தக் கருவியின் செயலியைத் திறந்து இணைப்பில் வைத்திருந்தால், சில கருவிகள் அவரோடு மட்டுமே பேசி, மற்றவர்களுக்கு அறிவிப்பதை நிறுத்திவிடும். மையக் கருவிக்கு அது காணாமல் போனதுபோலத் தெரியும். பேரன் வந்துபோகும் நாளில் மட்டும் கருவி மறைந்துபோகிறது என்றால், பேரனின் கைத்தொலைபேசியைப் பாருங்கள்.

பேட்டரி சொல்லும் நூறு சதவீதம்

காசு வடிவ பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032 வகை, 3 வோல்ட். இதன் மின்னழுத்தம் ஆயுளின் பெரும்பகுதிக்கு ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டு, கடைசியில் மளமளவென்று இறங்கும். செயலி காட்டும் சதவீதத்தை நம்பி உட்கார்ந்திருக்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். பழைய பேட்டரி சும்மா இருக்கும்போது நல்ல அழுத்தம் காட்டும். ஒலிபரப்பும் அந்தக் கணத்தில் துவண்டுவிடும். ஐஸ் பெட்டிக்குள் வைத்த உணர்கருவிக்கு இது இன்னும் சீக்கிரம் வரும், குளிரில் பேட்டரியின் உள்தடை கூடுவதால். சந்தேகம் வந்தால் புதுப் பேட்டரி போட்டுப் பாருங்கள். அதைவிட மலிவான சோதனை கிடையாது.

புதுப் பேட்டரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாதபடி சில பேட்டரிகளின் மேல் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பூச்சு சில கருவிகளில் மின்தொடர்பைத் தடுக்கும். ஆப்பிள் நிறுவனம் தன் ஏர்டேக் கருவிக்கான உதவிக் குறிப்பிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. புதிதாகப் போட்டும் வேலை செய்யவில்லை என்றால், பூச்சில்லாத பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். அப்படிப் பூச்சில்லாததை வாங்குகிறவர்கள், கழற்றிய பழைய பேட்டரியை மேசைமேல் விட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு. காசு பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனடியாக மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எப்படி அளப்பது?

கண்ணை மூடிக்கொண்டு நகர்த்திப் பார்ப்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது. இதற்கு இலவசச் செயலிகள் உண்டு. நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப் கனெக்ட் என்பது அவற்றுள் பலரும் பயன்படுத்துவது. அதைத் திறந்தால் சுற்றியுள்ள புளூடூத் கருவிகளும், ஒவ்வொன்றுக்கும் எதிரே -62, -85 என்பதுபோல ஓர் எண்ணும் தெரியும். டிபிஎம் என்பது அதன் அலகு. எண் பூச்சியத்தை நோக்கிப் போகப்போகப் பலம். 10 குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். அதாவது -60க்கும் -90க்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. ஒரு பொதுக் கணக்காக, -70ஐவிட நல்லதாக இருந்தால் நிம்மதி. -80ஐத் தாண்டினால் கவனம். -90ஐ ஒட்டிப்போனால் செய்திகள் தவறிக்கொண்டிருக்கும். அவசரப் பொத்தானுக்கு நான் -75க்கு மேல் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

அளப்பதில் ஒரு முறை இருக்கிறது. கைத்தொலைபேசியை உணர்கருவி அருகே பிடித்துக்கொண்டு பார்த்து ‘ஆகா, நன்றாக இருக்கிறதே’ என்று சொல்பவர்கள்தான் அதிகம். கேட்க வேண்டியது மையக் கருவி அல்லவா? அது இருக்கும் இடத்தில் கைத்தொலைபேசியை வைத்து, கையை எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் பாருங்கள். எண் ஆடும். அது சகஜம். ஒரு தடவை தெரிந்த எண்ணை நம்பாதீர்கள். பிறகு அறைக்கதவை மூடிப் பாருங்கள். ஒருவரைக் குறுக்கே நிற்கச் சொல்லிப் பாருங்கள். அவசரப் பொத்தானைச் சோதிக்கும்போது கட்டிலில் உட்கார்ந்து அழுத்தினால் மட்டும் போதாது. அம்மா அதைக் கழுத்தில் மாட்டியிருந்தால், தரையில் படுத்து, பொத்தான் உடம்புக்கு அடியில் இருக்கும்படி அழுத்திப் பார்க்க வேண்டும். விழுந்தவர் எந்தப் பக்கம் விழுவார் என்று யாருக்குத் தெரியும்? குளியலறைக் கதவை மூடிக்கொண்டும் அப்படிச் செய்ய வேண்டும். அம்மாவைச் செய்யச் சொல்லாதீர்கள். நீங்கள் படுங்கள்.

சிங்காங் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். மகள் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து அளந்தார். மையக் கருவி தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்தது. அங்கே கேட் உணர்கருவியின் எண் -90க்கும் -95க்கும் இடையே ஆடியது. நேர்க்கோட்டில் காப்பறையின் ஒரு மூலை. மையக் கருவியைச் சாமி மேடைக்கு மேலுள்ள தட்டுக்கு மாற்றியதும் -80 ஆனது. உணர்கருவியைக் கேட்டிலிருந்து எடுத்து மரக்கதவில் ஒட்டியதும் -70 வந்தது. காசு செலவில்லை. கழிவறைக்கு வெளியே இருந்தது மட்டும் எதற்கும் மசியவில்லை. ஓடு பதித்த சுவர், கண்ணாடி, நடுவில் சமையலறை. அதற்காக அந்தப் பக்கம் இரண்டாவது மையக் கருவி ஒன்றை வாங்கி வைத்தார்கள்.

அப்படி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கருவிகளின் நிறுவனம் ஒரே வீட்டில் இரண்டு மையக் கருவிகளை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்தமாக அமைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளில் 2022 முதல் ஒரு வசதி உண்டு. இஎஸ்பி32 என்ற மலிவான சிறு சுற்றுப்பலகையை அறைக்கு ஒன்றாக வைத்தால், அது புளூடூத் செய்தியைக் கேட்டு வைஃபை வழியாக அஞ்சல் செய்யும். அந்தப் பலகையில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே ஆன்டெனா என்பதால், இணையக் கம்பியோடு வரும் வகை கிடைத்தால் அதுவே மேல். 2016ல் வந்த புளூடூத் 5ல் நீண்ட தூரத்துக்கென்று ஒரு முறை இருக்கிறது, உண்மைதான். ஆனால் பேசுகிறவர், கேட்கிறவர் இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் ‘5’ என்ற எண்ணைப் பார்த்து மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

‘கடைசியாகக் கேட்ட நேரம்’

செயலிக்குள் போய், ஒவ்வொரு கருவிக்கும் கடைசியாகச் செய்தி வந்த நேரம் எங்கே காட்டப்படுகிறது என்று தேடிப் பிடியுங்கள். பச்சைக் குறியைவிட அந்த நேரம்தான் முக்கியம். பல செயலிகளில் அது இரண்டு மூன்று பக்கங்களுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். எனக்கு இதில் கோபம்தான். ‘மூடியுள்ளது’ என்று எழுதும் இடத்தில் ‘மூடியுள்ளது, நான்கு நாள் முன்பு கேட்டது’ என்று எழுத எத்தனை எழுத்து அதிகம்? பன்னிரண்டு மணி நேரம் ஒரு கருவியிடமிருந்து எதுவும் வராவிட்டால் எச்சரிக்கும் வசதி இருந்தால், அதை இன்றைக்கே இயக்கி வையுங்கள். அப்படி ஒரு வசதியே இல்லாத செயலி என்றால், அந்தக் கருவியை வெப்பநிலை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் காவலாக வைக்காதீர்கள்.

அவசரப் பொத்தானுக்கு இன்னும் ஒரு வார்த்தை. புளூடூத், வீட்டு இணையம், மின்சாரம், வெளியூரில் மகனின் கைத்தொலைபேசி என்று நான்கு கண்ணிகளைத் தாண்டித்தான் அந்த அழைப்பு போய்ச் சேர்கிறது. மெல்பர்னில் நள்ளிரவாக இருந்தால் ஐந்தாவது கண்ணி, அவருடைய தூக்கம். ஆகவே எச்சரிக்கை ஒருவருக்கு மட்டும் போகும்படி வைக்காமல், இந்த ஊரிலேயே இருக்கும் இன்னொருவருக்கும் போகும்படி செய்யுங்கள். அடுத்த வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருப்பது நலம். கட்டிலருகே 995 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், கைக்கு எட்டும்படி சாதாரணத் தொலைபேசி ஒன்றும் இருக்கட்டும்.

சோதிப்பதற்கு ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். சிங்காங் அம்மா ஞாயிறு காலை மகனோடு பேசும்போதே எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து மூடுகிறார். பொத்தானை ஒருமுறை அழுத்துகிறார். மகன் அங்கே திரையில் நேரம் மாறுகிறதா என்று பார்க்கிறார். மொத்தம் ஒரு நிமிடம். முதல் வாரம் அவருக்கு இது பிடிக்கவில்லையாம். ‘என்னை வேவு பார்க்கிறாயா?’ என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எந்தக் கருவி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது, இதில் படம் பிடிக்கும் கருவி எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் சம்மதத்தோடுதான் இப்போது அவை அந்த வீட்டில் இருக்கின்றன. படுக்கையறைக்குள் இருந்த ஒன்றை மட்டும் அவர் கழற்றச் சொன்னார், கழற்றிவிட்டார்கள்.

அரங்கில் பின்வரிசையில் ஒரு பெரியவர் வெகு நேரமாகக் கையை உயர்த்திக்கொண்டிருக்கிறார். ஐயா, ஒலிவாங்கி உங்களிடம் வருகிறது, கேளுங்கள்.